கருகலுக்குப் பிறந்த ஊர்

நிக்கானோர் அல்பரானுக்கு 'இல்லை' என்ற சொல் மட்டும் வாயில் வராது. நாக்கில் கோளாறு எதுவும் கிடையாது. மற்றச் சொற்களெல்லாம் தாராளமாக வரும். இரண்டு குவளை கற்றாழைக் கள் உள்ளே போனால் தேவைக்கு மேலேயே வரும். ஆனால் யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால், அது இருக்கிறதோ இல்லையோ, தெரியுமோ தெரியாதோ, 'இதோ' என்பதுதான் பதில். லோமா ஃப்ரியா என்ற அந்த மலையூரில் பாதிப் பேர் இந்த ரகம்தான். வழி கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். சொன்னவர் அந்த வழியில் ஒருநாளும் போனதில்லை என்பது கேட்டவனுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் புரியும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது அங்கே பாவம். விருந்தாளி எழுந்தால், நீலச்சோள ரொட்டியும் பச்சை மிளகாயில் வதக்கிய உருளைக்கிழங்கும் துணியில் கட்டிக் கையில் திணிக்காமல் விடமாட்டார்கள்.

இந்தக் குணத்தில் நிக்கானோர் ஊரையே மிஞ்சியவர். ஒருமுறை மாட்டுக்கு ஊசி போடும் டாக்டர் வீடு தவறி இவர் வாசலில் வந்து நின்றார். இவரிடம் மாடு கிடையாது. பாவம், மனிதர் இவ்வளவு மேடு ஏறி வந்துவிட்டாரே என்று, பக்கத்து வீட்டு மாட்டை இழுத்து வந்து ஊசி போட வைத்தார். அந்த மாட்டுக்கு முந்தின நாள்தான் ஊசி போட்டிருந்தார்கள். பிறகு அது காய்ச்சலில் கிடந்து பால் வற்றிப் போனதும், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று திட்டியதும் தனிக்கதை. அவர் மனைவி ஒத்திலியா அதைச் சொல்லாத நாள் கிடையாது.

“செத்துப் பொதைச்ச பிறகு யாராவது குழியைத் தட்டினாக்கூட எம் புருஷன் ‘இதோ’ம்பாரு,” என்பாள்.

சின்ன வயதில் நிக்கானோர் தொலூக்கா நகரத்தில் ஒரு சாசேஜ் கடையில் மிளகாய் அரைத்தார். தலைநகரத்தில் செங்கல் சுமந்தார். இரண்டு அறுவடைக்கு எல்லை தாண்டி வடக்கே போய், இன்னொருவன் நிலத்தில் இன்னொருவன் கிழங்கைத் தோண்டினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நல்ல தொப்பியும் முதுகில் ஒரு நிரந்தர வலியும் இருந்தன. அப்புறம் பிள்ளையில்லாத சித்தப்பா ஒருவர் இறந்து, நெவாதோ மலைச் சரிவில் ஊசியிலைக் காட்டை ஒட்டிய மேல்நிலம் இவருக்கு வந்தது. அன்றைக்குத்தான் ஊர் இவரைத் 'தோன் நிக்கானோர்' என்று மரியாதையோடு கூப்பிட ஆரம்பித்தது. அந்தக் குளிரில் பூச்சிபொட்டு அதிகம் ஏறாது. அதனால் மேல்நிலத்து உருளைக்கிழங்குதான் கீழே பள்ளத்தாக்கு முழுவதற்கும் விதை. மேல்நிலம் வைத்திருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். வெளியூர் விதையை மேலேயோ கீழேயோ யாரும் நடக் கூடாது என்று ஊர்ச் சபையில் சத்தியம் செய்துகொண்ட ஊர் அது. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் பயிர்ச் சோதனைக்காரர்கள் வருஷா வருஷம் விதை விற்க அனுமதி கொடுத்தார்கள்.

மழை இறங்கினால் கருகலும் கூடவே இறங்கும். இலையில் எண்ணெய் பட்டது போல ஒரு கறை விழும், அடியில் வெள்ளையாகப் பூக்கும், பிறகு அடுப்பில் வாட்டியது போலச் செடியே கருகிப் போகும். மருந்தடித்துக் காப்பாற்றினால் உண்டு. கருகல் அங்கே புதிதல்ல, வீட்டு மனிதர் மாதிரி. எந்தக் கெடுதல் வந்தாலும் 'கருகல் விழுந்துடுச்சு' என்பதுதான் ஊர்ப் பேச்சு. மாமியார் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாலும் அதையே சொல்வார்கள்.

நதிமூலம், ரிஷிமூலம் தேடக் கூடாது என்பார்கள். பெரெனிஸ் என்ற பெண் தேடி வந்ததோ நோய்மூலம். விவசாயம் படித்தவர்களையும் அங்கே இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே அவள் ஊருக்கு இன்ஜினியரம்மா. கீழே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சேறு அப்பிய வேனில் மேடேறி வந்து, கருகல் பிடித்த இலை வேண்டும் என்று நிக்கானோரிடம் கேட்டாள். நல்ல கிழங்கு கேட்டு வந்தவர்கள் அவருக்குப் பழக்கம். நோயைக் கேட்டு வந்தவள் இவள்தான் முதல் ஆள். என்றாலும் கேட்டுவிட்டாள் அல்லவா, 'இதோ' என்று எழுந்துவிட்டார்.

இலையைப் பறித்துக்கொண்டே அவள் சொன்னாள். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் இந்தக் கருகல் கப்பலேறிக் கடல் தாண்டிப் போனது. அயர்லாந்து என்ற தீவில் கிழங்கெல்லாம் மண்ணிலேயே அழுகி, ஜனங்கள் பட்டினியில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அது எந்த ஊரிலிருந்து கிளம்பியது என்று படித்தவர்கள் இன்னமும் கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். கிழங்கு பிறந்த இடத்தில்தானே அதன் நோயும் பிறந்திருக்கும், ஆகவே தெற்கே ஆண்டிஸ் மலைதான் என்கிறது ஒரு கட்சி. தொலூக்கா பள்ளத்தாக்கும் இந்த மலைப்பக்கமும்தான் என்கிறது இன்னொன்று. பெரெனிஸ் இரண்டாவது கட்சி. கருகலில் இரண்டு வகை உண்டாம். ஆண் பெண் என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளை பிறக்கும். மற்ற தேசங்களில் வெகுகாலம் ஒரே வகைதான் தன்னைத் தானே பிரதி எடுத்துக்கொண்டு அலைந்தது. இங்கே மட்டும் இரண்டும் சரிபாதி. கூடிப் பிள்ளை பெறுகின்றன, அந்தப் பிள்ளை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு எழுந்து வருகிறது. இத்தனை காலமாகக் கல்யாணம் நடக்கிற வீடுதானே பிறந்த வீடாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

“அப்ப கல்யாணம் எம் நிலத்துலயா நடக்குது?” என்றார் நிக்கானோர்.

“உங்க நிலத்துல, பக்கத்து நிலத்துல, காட்டோரம் தானா மொளைச்சுக் கெடக்குற அந்தக் காட்டுக் கெழங்குல. எல்லாம் சேந்து ஒரு பெரிய வீடுன்னு வச்சுக்குங்க, தோன் நிக்கானோர்.”

“எனக்குப் பத்திரிகையே வைக்கலியே.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் வேன் இறங்கிப் போன பிறகு அவருக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. இது பெருமையா, பழியா என்று அவருக்குப் புரியவில்லை. அத்தனை ஜனத்தைக் கொன்ற ஒன்று தன் வேலிக்குள் பிறந்தது என்றால் தொப்பியைக் கழற்றுவதா, மீசையை முறுக்குவதா? இராத்திரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஒத்திலியாவிடமே கேட்டார். பெற்ற ஊர் என்பது பெருமையா என்று.

“அது பிள்ளையப் பொறுத்தது,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ரொட்டியைப் போட்டாள்.

மறுநாளே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கேலியை ஆரம்பித்து வைத்தது செஃபெரினோ. அவரும் நிக்கானோரும் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள், ஒரே குட்டையில் விழுந்து எழுந்தவர்கள். நிக்கானோர் மகளின் ஞானஸ்நானத்தில் செஃபெரினோ ஞானத்தகப்பனாக நின்று குழந்தையை ஏந்தினார். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே'. பிள்ளையின் தகப்பனும் ஞானத்தகப்பனும் அப்படித்தான் அழைத்துக்கொள்ள வேண்டும், அது இரத்த உறவைவிடக் கெட்டியான முடிச்சு. அதுவரை வாடா போடா என்றிருந்தவர்கள் அந்த நாளோடு வாங்க போங்க என்று மாறிவிட்டார்கள். கொம்பாத்ரேயோடு சண்டை போட்டால் வானத்தில் கேட்கும் என்பார்கள். அந்த மரியாதை கெடாமல்தான் செஃபெரினோ கேலி செய்தார்.

“நான் உங்க மகளுக்கு ஞானத்தகப்பன். நீங்க கருகலுக்கே ஞானத்தகப்பன் ஆயிட்டீங்களே, கொம்பாத்ரே.”

கள்ளுக்கடை முழுக்கச் சிரித்தது. நிக்கானோரும் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார், என்ன செய்வதென்று தெரியாமல்.

அடுத்த வருஷம்தான் வினை வந்தது. பெரெனிஸ் ஜூலையில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்த ஜூலையில் மேலே மழை சரியாகப் பிடிக்கவில்லை. ஒத்திலியாவின் நச்சரிப்பில் நிக்கானோர் மருந்தையும் முன்னதாகவே அடித்திருந்தார். மேல்நிலத்தில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு கறை கிடையாது. காட்டோரக் கிழங்குச் செடிகூடப் பச்சைப் பசேலென்று நின்றது. வேறு எவனாக இருந்தாலும் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருப்பான். இவருக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேன் வந்துவிட்டது. கீழே வழியில் இரண்டு இடத்தில் சேற்றில் மாட்டி, முழங்கால் வரை மண்ணோடு அவள் இறங்கினாள்.

“இந்த வருஷம் எப்படி? இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அதுவும் எனக்கு ஒரு சேதிதான்,” என்றாள்.

அவள் அதைச் சொன்னாள் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் நிக்கானோரே நூறு தடவை நினைத்து நினைத்து நொந்த வார்த்தை அது. ஆனால் இல்லாத ஒன்று எப்படிச் சேதியாகும் என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை. சேற்றில் இவ்வளவு தூரம் வந்த பெண் ஒன்றுமில்லாமல் திரும்புவாள் என்பதுதான் விளங்கியது.

“இருக்கு, இருக்கு. நீங்க சாப்பிடுங்க, நான் பறிச்சிட்டு வந்துடறேன்,” என்றார்.

ஒத்திலியா அவளை அடுப்படியில் உட்கார வைத்து மொச்சைச் சாறு ஊற்றினாள். நிக்கானோர் பின்பக்கமாக இறங்கி ஓடையோரம் போனார். அங்கே செஃபெரினோவின் கீழ்நிலம். கீழே ஈரம் அதிகம், கருகல் பிடிக்காமல் இருக்காது என்று அவருக்குத் தெரியும். உண்மையில் அது பிடித்திருந்த பிடியைப் பார்த்து அவரே கொஞ்சம் திகைத்தார். ஆனால் நேரமில்லை. படலைத் திறந்து, நல்ல கறையாகப் பார்த்துப் பறித்து, தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து அதற்குள் நிரப்பினார். அடுப்படிச் சன்னலிலிருந்து பார்த்தால் மேலேயிருந்து வருவதாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் பெரிய சுற்றாகச் சுற்றி மேடேறி, தன் நிலத்துக்குள் புகுந்து, வரிசைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வந்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. செடிகள் இரண்டு பக்கமும் உரசின, தொப்பியிலிருந்து ஓரிரண்டு இலை விழுந்தது. ஒத்திலியா மூன்றாவது தடவை சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெரெனிஸ் ஒவ்வோர் இலையையும் உறையில் போட்டு 'அல்பரான், மேல்நிலம்' என்று எழுதினாள். ஒத்திலியா வழக்கம்போல ரொட்டி கட்டிக் கொடுத்தாள். இரண்டு பொட்டலத்தோடு வேன் இறங்கிப் போனதைப் பார்த்தபோது நிக்கானோருக்கு மனசு நிறைந்திருந்தது. ஓணானைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

ஆகஸ்டு கடைசியில் ஊர்ச் சபை கூடியது. கூட்டியவர் தலைவர், கூட்டச் சொன்னது பெரெனிஸ். அவள் முகத்தில் சிரிப்பில்லை. மேல்நிலத்திலிருந்து போன வருஷம் எடுத்த இலைகளில் எல்லாம் இந்த மண்ணின் கருகல், ஒன்றுபோல் ஒன்று இராது, ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜாடையில் இருப்பார்களே அப்படி. இந்த வருஷம் தோன் நிக்கானோர் நிலத்து இலையில் இருந்ததோ அச்சில் வார்த்த மாதிரி ஒரே ரகம். வடக்கிலிருந்து லாரியில் வரும் மலிவு விதையோடு வருகிற ரகம் அது, வழக்கமான மருந்துக்கு அடங்காது. மேல்நிலத்துக்கு அது எப்படி ஏறியது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் தெரிந்த பிறகு மறைக்க முடியாது என்றாள். அந்த நிலத்தில் ஐந்து வருஷம் கிழங்கு போடக் கூடாது என்பது விதை அனுமதியில் எழுதப்பட்ட நிபந்தனை. மீறினால் மேல்நிலம் அத்தனைக்கும் அனுமதி போகும்.

நிக்கானோருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து அந்தச் சரிவில் அவர் முதுகு ஏறுமோ என்னவோ. அந்த நிலத்தை எடுத்துவிட்டால் அவர் மறுபடி யாரோ ஒருவர் நிலத்தில் கிழங்கு தோண்டுகிற நிக்கானோர்தான்.

அவர் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டார். அந்த இலை செஃபெரினோவின் இலை. அப்படியானால் வடக்கத்தி விதையைச் சத்தியத்தை மீறி நட்டது செஃபெரினோ. கீழ்நிலத்துக் கருகல் அந்தப் போடு போட்டதற்குக் காரணம் அதுதான். சபையில் ஆள் ஆளுக்குப் பேச ஆரம்பித்தார்கள், லாரிக்காரனிடம் நிக்கானோர்தான் விதை வாங்கியிருக்கிறார் என்று. அப்போது செஃபெரினோ எழுந்தார். நிக்கானோருக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

“என் கொம்பாத்ரேயைப் பத்தி யாரும் தப்பாப் பேசாதீங்க,” என்றார் செஃபெரினோ. “அவருக்குப் பேராசை கெடையாது. யாரு கேட்டாலும் இல்லேன்னு சொல்ல வராது, அவ்வளவுதான். லாரிக்காரன் வந்து வாங்கிக்குங்க ஐயான்னு கெஞ்சியிருப்பான். இவரும் சரின்னிருப்பாரு. இதுக்குப் போயி ஒரு மனுஷனைத் தூக்குலயா போடுவீங்க?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படித்தான் இருக்கும், பாவம், நல்ல மனுஷன் என்றார்கள். இப்படி ஒரு வக்கீல் வாய்த்தால் எதிரி எதற்கு?

நிக்கானோர் எழுந்தார். “அந்த இலை எம் நிலத்து இலை இல்ல,” என்றார்.

சபையே திரும்பிப் பார்த்தது. அவர் வாயில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. அப்படியானால் எந்த நிலத்து இலை என்று தலைவர் கேட்டார். நிக்கானோர் செஃபெரினோவைப் பார்த்தார். செஃபெரினோ தன் தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. தன் மகளை ஏந்தின கை அது. கொம்பாத்ரேயைச் சபையில் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுப்பதா? அவரிடம் கேட்காமல் படலைத் திறந்து பறித்தது யார்? இவர் திருடினார், அவர் ஏமாற்றினார். இதில் யார் யார் மேல் கை நீட்டுவது?

“கீழ,” என்றார்.

“கீழன்னா எங்க?”

“கீழ எங்கயோ. ஞாபகம் இல்ல.”

இரண்டாவது 'இல்லை'யை யாரும் நம்பவில்லை. முதலாவதையும் சேர்த்து நம்பாமல் போனார்கள். பின்வரிசையில் சிரித்தார்கள்.

பெரெனிஸ் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கோபத்தில் அவளுக்கு வார்த்தை தடுக்கியது. எந்த இடம் என்று தெரியாத இலை தனக்குக் குப்பை என்றாள். உலகத்துக்கெல்லாம் காட்டப்போகிற வரைபடத்தில் அந்த இலையை நம்பி ஒரு புள்ளி வைத்திருக்கிறேன் என்றாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் உண்மையைச் சொன்னார், இவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை என்று.

“நான் விருந்துக்கு வரல, தோன் நிக்கானோர்,” என்றாள் அவள்.

வயல் கருகியபோதும் அழாதவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவளும் கொஞ்சம் தணிந்தாள். மேல்நிலத்தில் தானே போய் இலை எடுக்கிறேன், அது சுத்தமாக இருந்தால் உங்கள் நிலம் தப்பித்தது என்றாள். கீழே யாருடையது என்று அவளும் கேட்டுப் பார்த்தாள், அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டும் பிரயோஜனமில்லை. கீழ்நிலங்களில் செடி வெட்டிக் கிழங்கெடுத்து எல்லாம் வெறும் மண்ணாகியிருந்தது. செஃபெரினோ எல்லோருக்கும் முன்னால் எடுத்துவிட்டார்.

மேல்நிலத்தில் இப்போது அங்கங்கே கறை இருந்தது. ஆகஸ்டு மழையில் எப்போதும் வருவதுதான், அதைப் பார்த்து அவர் கவலைப்படவே இல்லை. பெரெனிஸ் குனிந்து முதல் இலையைக் கிள்ளியபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. அந்த வரிசை வழியாகத்தான் தொப்பியோடு இறங்கினார். தூறல், உரசல், விழுந்த இலை, எல்லாம் ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார். அவள் நிமிர்ந்து வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு நடந்த வழியைக் காட்டச் சொல்லி, அந்த வழியில் தனியாகவும் தள்ளித் தனியாகவும் இலைகளை எடுத்துக்கொண்டு, கட்டிக் கொடுத்த ரொட்டியை வாங்காமல் போனாள். ஒத்திலியாவின் வீட்டிலிருந்து வெறுங்கையோடு எழுந்து போன முதல் விருந்தாளி அவள்தான்.

இடையில் செஃபெரினோ ஒரு வான்கோழியோடு வீட்டுக்கு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. ஓடைப் பக்கத்துப் படல் ஜூலையில் ஒருநாள் திறந்து கிடந்தது, உள்ளே நிக்கானோரின் பூட்ஸ் தடம் கிடந்தது என்று மட்டும் வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். நிக்கானோர் உட்காரச் சொன்னார், கள் ஊற்றினார். இரண்டு பேரும் நிக்கானோர் மகளின் பிரசவத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் போன பிறகு ஒத்திலியா வான்கோழியின் காலைப் பிடித்துத் தூக்கி வாசலில் வைத்தாள்.

“பாவம் ஒரு எடம், பழி ஒரு எடம். பேரச் சொல்லிட்டு வந்து இதை அறுங்க. அதுவரைக்கும் எம் அடுப்புல இது ஏறாது,” என்றாள்.

அவரால் சொல்லவும் முடியவில்லை, வான்கோழியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அது முற்றத்தில் சோளம் தின்றுகொண்டு ராஜா மாதிரி உலாவியது.

பெரெனிஸ் பதிலோடு வந்தது செப்டம்பர் முடியும்போது, மிக்கேல் அதிதூதர் திருநாளுக்கு நாலு நாள் முன்னால். அவர் நடந்த வரிசையில் வடக்கத்தி ரகம் இருந்தது. அவர் நடக்காத இடத்திலும் இரண்டு மூன்று இலையில் இருந்தது. ஓர் இலையில் வடக்கத்தியும் உள்ளூரும் கூடிப் பெற்ற பிள்ளையே இருந்தது, கல்யாணம் முடிந்துவிட்டது.

“அப்ப என் தொப்பியிலதான் வந்துதா?” என்று கேட்டார் நிக்கானோர்.

“இருக்கலாம். ஓடையிலேருந்து காத்துல ஏறியிருக்கலாம். நீங்க நடக்குறதுக்கு முந்தியே வந்து ஒளிஞ்சிருக்கலாம். ஒரு இலை எப்ப வந்தேன்னு சொல்லாது. எனக்குத் தெரியல.”

“வடக்கேருந்து வந்தது நிச்சயம்தானே?”

“நிச்சயம். ஆனா வடக்கே இருக்குறதே ஒரு காலத்துல இங்கேருந்து போனதோட வம்சமா இருக்கலாம். அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அவருக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் இது அந்நியனா, வீடு திரும்பிய பிள்ளையா? தானும் வடக்கே போய்க் கிழங்கு தோண்டிவிட்டுத் திரும்பியவன்தானே, தன்னை யாரும் ஐந்து வருஷம் வெளியே நிறுத்தவில்லையே. தொப்பியில் கொண்டுவந்திருந்தால் குற்றம் தன்னுடையது. காற்றில் வந்திருந்தால் செஃபெரினோவுடையது. முன்பே இருந்திருந்தால் யாருடையதும் இல்லை. மூன்றுக்கும் தண்டனை ஒன்றுதான், அது அவர் நிலத்துக்கு. ஒருவேளை முதலிலேயே பெயரைச் சொல்லியிருந்தாலும் இதேதானோ? அதுவும் தெரியவில்லை. பெரெனிஸ் இந்தத் தடவை ரொட்டியை வாங்கிக்கொண்டாள். தலைவர் மாலையில் வந்து, ஐந்து வருஷம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

திருநாளுக்கு முந்தின மாலையில் லோமா ஃப்ரியா முழுக்க மஞ்சள் பூவோடு நிலத்துக்குக் கிளம்பும். அன்றிரவு பிசாசு அவிழ்த்துவிடப்பட்டு வயல் வயலாகத் திரியும், விடியும்போது மிக்கேல் வாளோடு வந்து அடக்குவார். அதுவரை காவலுக்கு நிலத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் பூவில் கட்டிய சிலுவையை நட வேண்டும், முகம் பாதையைப் பார்த்து இருக்க வேண்டும், கெட்டது வெளியிலிருந்து வருவதால். நிக்கானோரும் செஃபெரினோவும் வாலிபத்திலிருந்து இந்த வேலையைச் சேர்ந்தே செய்வார்கள், முதலில் ஒருவர் நிலம், பிறகு மற்றவர் நிலம். இந்த வருஷமும் செஃபெரினோ கை நிறையப் பூவோடு வந்து வாசலில் நின்றார். வராதீர்கள் என்று நிக்கானோர் சொல்லவில்லை.

மேல்நிலத்தில் செடிகளையெல்லாம் பிடுங்கிக் குழியில் போட்டு மண் தள்ளியாயிற்று. காட்டோரத்துக் கிழங்கை மட்டும் தொடாதீர்கள் என்று பெரெனிஸ் கேட்டுக்கொண்டதால் அது மூலையில் கொஞ்சம் பச்சையாக நின்றது. மற்றதெல்லாம் மொட்டை. நிக்கானோர் முதல் மூலையில் மண்டியிட்டு மண்ணைக் கிளறினார். சிலுவையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே இருந்துவிட்டார். கெட்டது இப்போது உள்ளே மண்ணுக்குள் அல்லவா தூங்குகிறது? அதை வெளியே விடாமல் காப்பதா, வெளியே இருப்பதை உள்ளே விடாமல் காப்பதா? சிலுவையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

“இந்த வருஷம் இதை எந்தப் பக்கம் பாத்து வைக்குறது, கொம்பாத்ரே?” என்று கேட்டார்.

செஃபெரினோ கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“உள்ள பாத்து வைங்க, கொம்பாத்ரே,” என்றார். “வெளிய எங்க நெலமெல்லாம் இருக்குல்ல.”

நிக்கானோர் அப்படியே வைத்தார்.